மோட்டார் நின்றதும் ‘டமார்’! புது ஃபிளாட்டில் சத்தத் தொல்லை: வாசகர் கேள்வி – பதில்

புது அடுக்ககத்தில் குடியேறியவர்களிடமிருந்து சத்தம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே தருகிறோம். பிளம்பிங், லிஃப்ட், கட்டட ஒலியியல் ஆகிய துறைகளில் வேலை தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் வீடு முதல் மாடி. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டிப் போகிறது. விடிகாலை 5 மணிக்கு மோட்டார் போட்டால் சுவரே உறுமுகிறது. நிறுத்தியதும் ‘டமார்’ என்று ஒரு அடி, குழந்தை எழுந்துவிடுகிறது. வாட்ச்மேனைக் கேட்டால், “மோட்டார்னா சத்தம் வரத்தானேம்மா செய்யும்” என்கிறார்.
– வாசகி, மேடவாக்கம்

மோட்டார் அறையில் வரட்டும். உங்கள் சுவருக்குள் வரக் கூடாது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிச் சத்தங்கள். காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

முதலில் அந்த ‘டமார்’. மோட்டார் நின்ற உடனே குழாயில் ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர் நின்றுவிடாது. வேகம் தணிந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு கீழே திரும்பும். அது பம்புக்குள் வராமல் தடுப்பதற்குத்தான் என்.ஆர்.வி. என்ற ஒருவழி வால்வு. பெரும்பாலான கட்டடங்களில் போட்டிருப்பது கீல் வைத்து ஆடும் தகடு உள்ள ரகம். தகடு விழுந்து மூடுவதற்குள் தண்ணீர் திரும்பி வேகம் பிடித்துவிடுகிறது. அந்த ஓட்டத்தை ஒரே அடியில் நிறுத்தும்போது வேகம் முழுவதும் அழுத்தமாக மாறுகிறது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் ஏறக்குறைய 12 பார் அழுத்தம் கூடும். 5 மாடிக் கட்டடத்தில் அந்தக் குழாயில் சாதாரணமாக நிற்கும் அழுத்தமே 2 பாருக்குள்தான். இப்படியே விட்டால் குழாய் இணைப்புகளும் நாளடைவில் கசியத் தொடங்கும்.

ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி.க்கு மாற்றச் சொல்லுங்கள். கடையில் ‘சைலன்ட் என்.ஆர்.வி.’ என்று கேட்டால் கிடைக்கும். அதில் தகடு நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. தண்ணீர் திரும்பும் முன்பே ஸ்பிரிங் அதை மூடிவிடும். குழாயின் அளவிலேயே வாங்க வேண்டும். வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பம்ப், ரப்பர் பெல்லோ (அதிர்வை உள்வாங்கும் ரப்பர் இணைப்பு), என்.ஆர்.வி., அதற்கு மேல் கேட் வால்வு என்ற வரிசைதான் சரி. கேட் வால்வைக் கீழே போட்டுவிட்டால், பின்னால் என்.ஆர்.வி.யைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் குழாயில் நிற்கும் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டியிருக்கும்.

அடி விழுவது நிறுத்தும்போது அல்ல, போடும்போது என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் போர்வெல் மோட்டார். நீர்மூழ்கிப் பம்பிலேயே ஒரு என்.ஆர்.வி. உண்டு, தரைக்கு மேலே இன்னொன்று போட்டிருப்பார்கள். கீழே உள்ளது கசிந்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி வெற்றிடம் உண்டாகும். மறுநாள் மோட்டார் போட்டதும் தண்ணீர் அந்த வெற்றிடத்தில் பாய்ந்து மேல் வால்வில் மோதும். மேல் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் சத்தம் போகாது. கீழே உள்ளதைப் பார்க்க வேண்டும்.

இனி உறுமல். மோனோபிளாக் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று வரை ஓடும். அந்த அதிர்வு கான்கிரீட் மேடைக்கும் குழாய்க்கும் இறங்கி, குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வழியாக உங்கள் சுவருக்கு வருகிறது. சுவர்தான் ஒலிபெருக்கி. அதனால் சுவரில் எதையும் ஒட்டிப் பயனில்லை. வழியை மூன்று இடத்தில் வெட்ட வேண்டும்.

மோட்டாருக்கு அடியில் 10 அல்லது 12 மி.மீ. தடிமனுள்ள, கோடு போட்ட நியோபிரீன் ரப்பர் வையுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ரப்பரைப் போட்டுவிட்டு போல்ட்டை மட்டும் நேராகக் கான்கிரீட்டில் இறுக்குவது. அதிர்வு போல்ட் வழியாகவே இறங்கிவிடும். போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷரும், போல்ட்டைச் சுற்றி ரப்பர் உறையும் வேண்டும். அடுத்தது, பம்பின் இரண்டு பக்கமும் ரப்பர் பெல்லோ. மூன்றாவது, சுவரில் உள்ள கிளாம்ப்புகளைக் கழற்றிவிட்டு ரப்பர் பதித்த கிளாம்ப் போடுவது. அதோடு, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமென்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்து, ஒரு அளவு பெரிய குழாயை உறையாக வைத்து, இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சு திணித்து, வாய்ப்பகுதியைச் சிலிக்கான் சீலன்ட்டால் அடைப்பது. மூன்றில் ஒன்றை விட்டால்கூட மற்ற இரண்டின் பலன் பாதியாகிவிடும்.

மோட்டார் ஜல்லி அரைப்பதுபோல் கரகரத்தால் அது அதிர்வு அல்ல. சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருக்கும், அல்லது உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு அடைத்திருக்கும். இப்படியே ஓட்டினால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் அரிக்கப்பட்டுப் பம்ப் கெடும்.

இவை எல்லாம் நடக்கும்வரை, ஒரு டைமரும் தொட்டியில் நீர்மட்ட சென்சாரும் போட்டு, நிரப்பும் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். தொட்டி ஒரு நாள் தேவைக்குப் போதுமானதாக இருந்தால் விடிகாலை 5 மணிக்கு ஓட்ட அவசியமே இல்லை. அது வாட்ச்மேனின் பழக்கம்.

எங்களுக்கு மேல்வீடு இன்னும் விற்காமல் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் இரவு 11 மணிக்கு மேல் கோலிக்குண்டு விழுந்து உருளும் சத்தம் கேட்கிறது. அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

அம்மாவிடம் குழாய் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதுதான். கான்கிரீட் சட்டத்தில் ஓடும் சத்தத்துக்குத் திசை தெரியாது. இரண்டு மாடி தள்ளி ஒருவர் குழாயை மூடினாலும் உங்கள் தலைக்கு மேல் விழுந்ததுபோல் கேட்கும். பகலில் தெருச்சத்தம் அதை மூடிவிடுகிறது.

சோதிப்பது எளிது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து உங்கள் வரிசை வீடுகளுக்கு இறங்கும் குழாயின் வால்வை, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஓர் இரவு 11 மணி முதல் 5 மணி வரை மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் தண்ணீர்க் குழாய்தான். பிரஷர் பம்ப் உள்ள கட்டடமாக இருந்தால் அதன் அழுத்தத் தொட்டியைப் பாருங்கள். உள்ளே காற்று இறங்கிப்போயிருந்தால், யாரோ ஒருவர் குழாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பம்ப் ‘டக் டக்’ என்று போட்டு நிறுத்தும். தண்ணீரை வடித்துவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியால் அளக்கலாம். பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாகக் காற்று இருக்க வேண்டும். தொடங்குவது 2 பாரில் என்றால் காற்று 1.8 பார்.

வால்வை மூடியும் சத்தம் வந்தால், சூடு. சோலார் ஹீட்டரிலிருந்து வரும் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் 10 மீட்டர் நீளம் இருந்து 40 டிகிரி சூடேறினால் சுமார் 25 மி.மீ. நீளும், இரவில் ஆறும்போது அவ்வளவும் சுருங்கும். கிளாம்ப்பை இறுக்கிக் கட்டியிருந்தால் குழாய் நழுவி நழுவி ‘டிக்… டிக்’ என்று விடுபடும். நீளத்துக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில் இறுக்கிவிட்டு, மற்ற கிளாம்ப்புகளில் குழாய் நகர இடம் விட வேண்டும்.

மேல்வீட்டில் குடிவந்துவிட்டார்கள். நாற்காலி இழுப்பது, கிரைண்டர், குழந்தைகள் ஓடுவது எல்லாம் கேட்கிறது. எங்கள் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் தீருமா?
– வாசகி, பெருங்குடி

சாதாரண ஃபால்ஸ் சீலிங்கால் தீராது. 5 அல்லது 6 அங்குல கான்கிரீட் தளம் பேச்சையும் டி.வி.யையும் நன்றாகவே தடுக்கும். அதன் மேல் சிமென்ட் கலவையில் பதித்த டைல்ஸில் விழும் அடியை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அடி நேரடியாகக் கான்கிரீட்டையே அதிர வைக்கிறது. ஜிப்சம் பலகையைக் கம்பியில் தொங்கவிட்டால் அந்தக் கம்பி வழியாகவே அதிர்வு பலகைக்கு வந்துவிடும். ரப்பர் வைத்த ஹேங்கர், 50 மி.மீ. ராக்வுல் (பாறைப் பஞ்சு), அடியில் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, சுவரைத் தொடாமல் ஓரத்தில் சீலன்ட் என்று செய்தால் ஓரளவு குறையும். உயரத்தில் அரை அடி போகும். ஸ்பாட் லைட்டுக்கு ஓட்டை போட்டால் செலவழித்ததில் பாதி வீண். சுவர் வழியாக இறங்கும் பங்கும் அப்படியே இருக்கும்.

காசு குறைவான வழி மேலே இருக்கிறது. நாற்காலிக் கால்களுக்கு 5 மி.மீ. ஃபெல்ட் பேட் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒட்டும் ரகம் சில மாதங்களில் கழன்றுவிடும், ஆணி வைத்த ரகம் நிற்கும். கிரைண்டருக்கு அடியில் 12 மி.மீ. ரப்பர் பாய், குழந்தைகள் விளையாடும் அறையில் ஒரு கனமான கார்ப்பெட். சண்டைக்குப் போகும் முன் ஒரு நாள் அவர்களை உங்கள் வீட்டில் உட்காரவைத்து, மேலே ஒருவரை நடக்கச் சொல்லிக் கேட்க வையுங்கள். கீழே எப்படிக் கேட்கிறது என்பது மேல்வீட்டுக்காரர் பலருக்குத் தெரியவே தெரியாது.

இன்னும் டைல்ஸ் போடாத வீட்டை வாங்கியவர்கள் கவனிக்க: தளத்தின் மேல் 5 மி.மீ. ரப்பர் அல்லது கார்க் விரிப்பு, அதன் மேல் 50 மி.மீ. கான்கிரீட், பிறகு டைல்ஸ் என்று போட்டால் கீழ்வீட்டாருக்கு இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சுவர் ஓரம் முழுக்க நுரைப் பட்டை வைப்பது கட்டாயம். ஓரிடத்தில் கலவை வழிந்து சுவரைத் தொட்டால்கூட அங்கே பாலம் போட்டதாக ஆகிவிடும். கூடும் எடையைத் தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

80 வீடுகள். ஒவ்வொன்றாக இன்டீரியர் வேலை. காலை 8 மணிக்குத் தொடங்கும் ட்ரில்லிங் ஞாயிற்றுக்கிழமையும் ஓயவில்லை. சங்கம் இப்போதுதான் அமைந்திருக்கிறது. என்ன விதி போடலாம்?
– சங்கச் செயலாளர், சோழிங்கநல்லூர்

நேரக் கட்டுப்பாடு மட்டும் போட்டால் அதே சத்தம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். சத்தத்தின் அளவையே குறைக்கும் விதிகளும் வேண்டும்.

நேரம்: இடிப்பது, ஒயருக்காகச் சுவரில் காடி எடுப்பது, துளையிடுவது, டைல்ஸ் வெட்டுவது ஆகியவை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் 1 மணி, பிற்பகல் 3 முதல் 5.30 மணி. சனிக்கிழமை சத்தமில்லாத வேலை மட்டும். ஞாயிறும் பண்டிகை நாளும் விடுமுறை. இது கடுமை என்று யாராவது சொன்னால் சிங்கப்பூரைக் காட்டுங்கள்: அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அதிகச் சத்தமுள்ள வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது.

முறை: ஏ.சி. குழாய்க்கும் சிம்னிக்கும் ஓட்டை போட ஹாமர் வைத்து உடைக்கக் கூடாது. டைமண்ட் கோர் கட்டரில் தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். வேலை சீக்கிரம் முடியும், சத்தம் கட்டடம் முழுக்கப் பரவாது, அடுத்த பக்கப் பூச்சும் பெயராது. ஒயரிங் காடிக்கு முதலில் கட்டிங் மெஷினில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு நடுவை மட்டும் உளியால் தட்ட வேண்டும். பிளைவுட் பலகைகளைப் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டிக் கொண்டுவர வேண்டும். இங்கே வெட்டித்தான் தீர வேண்டும் என்றால் பேஸ்மென்ட்டில் ஒதுக்கிய ஒரே இடத்தில்.

ஒழுங்கு: ஹாமர் வேலை முழுவதையும் வேலை தொடங்கிய முதல் 7 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். சுற்றியுள்ள வீடுகளுக்கு 2 நாள் முன்பே வாட்ஸ்ஆப்பில் அறிவிக்க வேண்டும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவர்களும் ஆன்லைன் தேர்வு எழுதுபவர்களும் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்கள். திருப்பித் தரக்கூடிய முன்பணம் ஒன்று வாங்கி, மீறினால் அதில் பிடியுங்கள். முன்பணம் இல்லாத விதியை ஒப்பந்தக்காரர்கள் படிப்பதுகூட இல்லை.

பீம், தூண் எதிலாவது ஹாமர் பட்டால் மட்டும் நேரம் காலம் பார்க்காமல் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது சத்தப் பிரச்சினை அல்ல.

பக்கத்து வீட்டு டி.வி. வசனம் வரை கேட்கிறது. சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டினால் போதும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

வாங்காதீர்கள். ஃபோம், முட்டை அட்டை இரண்டும் உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த வீட்டிலிருந்து வருவதைத் தடுக்காது. காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது எடை. உங்கள் சுவர் 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக்காக (காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) இருக்க வாய்ப்பு அதிகம். அதன் எடை கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ. செங்கல்லோ 1,600 முதல் 1,900 கிலோ.

ஆனால் சுவரைக் குறை சொல்லும் முன் ஓட்டையைத் தேடுங்கள். சுவரின் பரப்பில் 1 சதவீதம் இடைவெளி இருந்தாலே, மீதி 99 சதவீதம் எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. முதல் சந்தேகம் ஸ்விட்ச் பாக்ஸ்: இரண்டு வீட்டு டி.வி. பாயின்ட்டும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக வைத்திருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை வைத்துத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. பெட்டியை எடுத்துவிட்டுக் குழியைக் கலவையால் அடைத்து, உங்கள் பாயின்ட்டை ஓர் அடி தள்ளி வையுங்கள். இரண்டாவது சந்தேகம், சுவர் உச்சியும் பீமும் சேரும் இடம். பூச்சுக்குப் பின்னால் அங்கே பிளாக் வேலை சரியாக இறுக்கப்படாமல் இருக்கும். விரிசல் தெரிந்தால் திறந்து நிரப்ப வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்டால்தான் இரண்டாவது சுவர். பழைய சுவரிலிருந்து 10 மி.மீ. தள்ளி, அதைத் தொடாமல், தரையிலும் கூரையிலும் மட்டும் ரப்பர் பட்டை வைத்துப் பிடித்த 50 மி.மீ. மெட்டல் ஸ்டட் (உலோகச் சட்டம்), இடையில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. கண்ணாடிப் பஞ்சு, மேலே ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி. அறையில் சுமார் மூன்றரை அங்குலம் குறையும். டி.வி.யை இந்தச் சுவரில் மாட்ட நீள ஆணி அடித்துப் பழைய சுவரில் இறுக்கிவிடாதீர்கள்.

லிஃப்ட் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஓடுகிறது. சர்வீஸ் ஆள் வந்து எண்ணெய் விட்டுவிட்டு ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்.
– வாசகர், திருச்சி

எந்தச் சத்தம் என்று பிரித்துச் சொல்லாதவரை அவர் அப்படித்தான் எழுதுவார். ஒருவரை லிஃப்டில் அனுப்பிவிட்டு போனில் பேசியபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

நின்று கிளம்பும்போது மட்டும் ‘டக்’ என்றால் பிரேக் அல்லது கன்ட்ரோல் பேனலில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர். பேனல் உங்கள் சுவரில் மாட்டப்பட்டிருந்தால் ரப்பர் வைத்து மாட்டச் சொல்லலாம். ஓடும்போது குறிப்பிட்ட உயரத்தில் ‘தட்’ என்றால் லிஃப்ட் பிடித்து ஓடும் கைடு ரெயிலின் இணைப்பு: ரெயில் 5 மீட்டர் துண்டுகளாக வரும், ஏறக்குறைய அந்த இடைவெளியில் திரும்பத் திரும்பத் தட்டினால் இணைப்பில் படி விழுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் அதற்கு மருந்தல்ல. நேராக்கித் தேய்க்க வேண்டும். கீச்சென்ற மெல்லிய ஊளை என்றால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான டிரைவ். அதன் கேரியர் அலைவெண்ணை (மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் வேகம்) 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8 அல்லது 10க்கு உயர்த்தினால் ஊளை காதுக்குக் குறையும். டிரைவ் கூடுதலாகச் சூடாகும் என்பதால் கம்பெனி டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். மேல் மாடிகளில் மட்டும் அடர்ந்த உறுமல் கேட்டால், மோட்டார் மேடையின் ரப்பர்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டும்போது சிந்திய கலவை காய்ந்து, ரப்பரைத் தாண்டி மேடையைத் தொட்டுக்கொண்டிருப்பது புதுக் கட்டடங்களில் நடப்பதுதான்.

எல்லாம் சரிசெய்யும்வரை கட்டிலின் தலைமாட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, லிஃப்ட் சுவரில் பீரோவைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

பில்டரிடம் கேட்டால் ‘சத்தமெல்லாம் டிஃபெக்டில் வராது’ என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், அம்பத்தூர்

அவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3): கட்டமைப்பு, வேலைத்திறன், தரம், வசதிகள் ஆகியவற்றில் உள்ள குறையைச் சாவி வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் தெரிவித்தால், கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும். ‘சத்தமாக இருக்கிறது’ என்று எழுதினால் அவர் சொன்னது ஜெயித்துவிடும். ‘பம்ப் ரப்பர் தாங்கி இல்லாமல் பொருத்தப்பட்டுள்ளது’, ‘ஸ்விட்ச் பாக்ஸ் இடத்தில் பொதுச்சுவர் துளைந்துள்ளது’ என்று குறையின் பெயரைப் படத்தோடு பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம்.

ஜெனரேட்டர் தொல்லைக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் உண்டு: 1,000 கே.வி.ஏ. வரையிலான புது டீசல் ஜெனரேட்டருக்கு, அதன் கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி 75 டெசிபல்தான் உச்சம். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. முதலில் அதைப் பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகல் 55, இரவு 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று 2010இல் சேர்த்தார்கள். அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினாலும், இரவுத் தடையை மீறினாலும் புகார் தரலாம். பக்கத்து மனையில் நள்ளிரவில் இயந்திரம் ஓடினால் டெசிபல் கணக்கே தேவையில்லை. நேரம் தெரியும்படி எடுத்த வீடியோவோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். போன் செயலி காட்டும் எண்ணைச் சாட்சியாக நம்பாதீர்கள். எந்த நேரத்தில் கூடுகிறது என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

புது ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின். சுற்றும்போது பால்கனி முழுக்க அதிர்கிறது என்று கீழ்வீட்டார் புகார்.
– வாசகி, தாம்பரம்

பின்பக்கம் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட நீள போல்ட்டுகள், பெரும்பாலும் நான்கு, இன்னும் இருக்கும். கழற்றி, கூடவே வந்த பிளாஸ்டிக் மூடிகளால் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்து, அவற்றின் நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். பால்கனித் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாக இருக்கும் என்பதால், நான்கு கால்களும் ஒரே நீளத்தில் இருந்தால் மெஷின் ஆடத்தான் செய்யும்.